வலது காதுக்கு எந்தப் பேரு

மயில்வாகனம்: குமரா, உங்க அக்காகிட்ட கேளு. காபி குடிக்கிறாளான்னு.

குமரகுரு: மாமா, எனக்கு இந்தப் பக்கம் நீங்க, அந்தப் பக்கம் அக்கா. நடுவுல இருக்குறது நான் ஒருத்தன்தான். நேராவே கேட்டாலும் கேக்கும்.

மயில்வாகனம்: தெரியுது. நீ கேளு.

குமரகுரு: அக்கா, மாமா கேக்கறாரு...

கலைவாணி: வேணாம்னு சொல்லு.

குமரகுரு: மாமா, வேணாமாம்.

மயில்வாகனம்: காலையிலேர்ந்து பச்சத்தண்ணி தொடல. பாப்பாவத்தான் வெறும் வயித்தோட ஆஸ்பத்திரிக்கு இட்டுனு வரச் சொன்னாங்க, இவளையுமா சொன்னாங்கன்னு கேளு.

கலைவாணி: புள்ள பால் பாட்டில காட்டிக் காட்டி அழுதுச்சே, அத்தப் பாத்ததுலேர்ந்து எனக்கு எதுவும் எறங்கலன்னு சொல்லு.

குமரகுரு: எனக்கு லீவு குடுத்ததே பெரிய விஷயம். தாய்மாமன், கூட இருக்கணும்னு சொல்லி வாங்கிக்கினு வந்தேன். இங்க வந்தா இந்த வேலையா?

கலைவாணி: ஒரு வாரமா நாங்க பேசிக்கறதில்லன்னு உனக்குத் தெரியுமில்ல.

குமரகுரு: தெரியும் தெரியும். செவிலிமேடு ஊருக்கே தெரியும். ஆனா வீட்டுல எப்படித்தான் சமாளிச்சீங்க?

மயில்வாகனம்: பாப்பா இருந்தாளே. "பாப்பா, உங்கம்மாகிட்ட சொல்லு, மோட்டார் போடணும்"னு அவகிட்ட சொல்லுவேன்.

கலைவாணி: நானும் அவகிட்டதான் சொல்லுவேன். "பாப்பா, உங்கப்பாகிட்ட சொல்லு, மோட்டார் போட்டு டேங்க் வழிஞ்சுக்கினு இருக்குது"ன்னு.

குமரகுரு: காது கேக்காத புள்ளகிட்டயா?

மயில்வாகனம்: யார்கிட்ட சொன்னா என்னா? போய்ச் சேர வேண்டிய எடத்துக்குப் போய்ச் சேந்துச்சு இல்ல.

கலைவாணி: அது எங்க வாயையே மாத்தி மாத்திப் பாக்கும். பாத்துட்டு சிரிக்கும்.

குமரகுரு: சரி. இப்ப அவ உள்ள ஆபரேஷன் தேட்டர்ல படுத்துக்கினு இருக்கா. அதனால அந்த டூட்டி எனக்கு.

மயில்வாகனம்: வேற யாருக்குக் குடுக்கறது? செய்யி.

குமரகுரு: செய்யறேன், செய்யறேன்.

கலைவாணி: ஏன்டா எழுந்து எழுந்து நிக்கற? குந்து.

குமரகுரு: கால் மரத்துப் போச்சுக்கா.

கலைவாணி: இப்ப எந்திரம் ஆரம்பிச்சிருக்குமான்னு உங்க மாமாவக் கேளு.

குமரகுரு: ரோபோவப் பத்தி மாமாவ ஏன் கேக்கற? என்னைக் கேளு. அதுக்குத்தான் நான் இருக்கேன்.

மயில்வாகனம்: ஆமாமா, ரோபோவுக்கு சொந்தக்காரன்.

குமரகுரு: பின்ன? ஒரகடத்துல எங்க கார் கம்பெனி லைன்ல வரிசையா ரோபோ நிக்குது மாமா. ஒவ்வொண்ணும் காரு கதவு வெல்டிங் அடிக்குது. காலையில அடிச்ச புள்ளி எங்கயோ அங்கயேதான் சாயங்காலமும் அடிக்கும். மசுரு அளவு நவுராது.

கலைவாணி: என் புள்ள காரு கதவாடா?

குமரகுரு: ஒரு பேச்சுக்கு சொன்னேன்கா. டாக்டர் என்னா சொன்னாரு? கையாலயும் வைக்கலாம், ரோபோ வச்சும் வைக்கலாம், ரெண்டுமே நல்லதுதான், நீங்களே சொல்லுங்கன்னாரு. நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கினீங்க. நான்தான ரோபோன்னு சொன்னேன்.

மயில்வாகனம்: நீதான் சொன்ன.

குமரகுரு: ஆமா, நான்தான்.

மயில்வாகனம்: அது எப்படி வைக்கும்னு இன்னொரு வாட்டி சொல்லு. உங்க அக்கா மறந்துட்டிருப்பா.

கலைவாணி: மறந்தது யாருன்னு கேளு.

குமரகுரு: சரி, ரெண்டு பேருக்குமே சொல்றேன். காதுக்குப் பின்னால எலும்புல வழி பண்றது டாக்டர் கைதான். அதுல ரோபோ கிட்டவே வராது. உள்ள போனா நத்தைக் கூடு மாதிரி ஒண்ணு இருக்குது. அதுதான் உள்காது. பட்டாணி அளவுதான் இருக்கும். அந்தக் கூட்டுக்குள்ள ஒரு கம்பிய சுத்திச் சுத்தி விடணும். கம்பின்னா கம்பி இல்ல, நூலு மாதிரி வளையும்.

மயில்வாகனம்: எவ்ளோ மெல்லிசு?

குமரகுரு: நான் பாத்தது போட்டோவுலதான் மாமா. அத்த விடறப்போ வேகமாப் போனாலோ, கை லேசா ஆடினாலோ, உள்ள மெல்லிசா ஒரு சவ்வு இருக்குதாம், அதுல இடிச்சுடும். மனுசன் கைன்னா எப்பேர்ப்பட்ட டாக்டருக்கும் நாடி அடிக்கும் இல்ல, அந்த ஆட்டம் இருக்கத்தான் செய்யும். ரோபோவுக்கு நாடி ஏது? அது புடிச்சுக்கினு மெள்ள... கடியாரத்துல சின்ன முள்ளு இருக்குது பாரு, அந்த மாதிரி. பாத்துக்கினே இருந்தாலும் நவுர்றது தெரியாது.

கலைவாணி: அது பாட்டுக்குப் போய்க்கினே இருந்தா?

குமரகுரு: போவாதுக்கா. டாக்டர் கால்ல ஒரு பெடல் இருக்குது. மிதிச்சாத்தான் நவுரும். காலை எடுத்தா அங்கயே நிக்கும்.

மயில்வாகனம்: அப்ப நம்ம தறி மாதிரி. மிதிபலகைய மிதிச்சாத்தான் வேலை.

குமரகுரு: அதேதான்.

மயில்வாகனம்: இத்த அன்னைக்கே இப்படி சொல்லியிருந்தா உடனே தலைய ஆட்டியிருப்பேன். நீ என்னமோ ஆக்சிஸ், சென்சார்னு பேசிக்கினு இருந்த.

கலைவாணி: அந்தப் புள்ளைக்குக் காதுக்குப் பின்னால முடிய மழிச்சுட்டாங்கடா. ஒரு பக்கம் மட்டும். அத்தப் பாத்தா என்னமோ மாதிரி இருந்துச்சு. குழலின்னு பேர வச்சுட்டு...

மயில்வாகனம்: வடிவுன்னு சொல்லு.

கலைவாணி: யார்கிட்ட சொல்றாருன்னு கேளு. எங்கிட்ட பேசறாரா?

மயில்வாகனம்: உங்கிட்ட சொன்னேன்டா குமரா. பாப்பா பேரு வடிவாம்பாள்னு சொன்னேன்.

குமரகுரு: அய்யோ. இங்கயும் ஆரம்பிச்சாச்சா? மாமா, அந்த சிஸ்டர் காலையில எங்கிட்ட தனியா கேட்டுச்சு. பொறந்த சர்ட்டிபிகேட்டுல ஏலவார்குழலி வடிவாம்பாள்னு இருக்குது, உள்ள இருக்குறது ஒரு புள்ளையா ரெண்டு புள்ளையான்னு.

கலைவாணி: நீ என்னா சொன்ன?

குமரகுரு: ஒரு புள்ளதான் சிஸ்டர், ரெண்டு ஆயாங்கன்னு சொன்னேன்.

கலைவாணி: அது நெசம்தான். பேரு வச்ச அன்னைக்கு என்னா கூத்து. காதுல மூணு வாட்டி பேரச் சொல்லணும்னாங்க. எங்க மாமியாரு வந்து வலது காதுல "வடிவாம்பா, வடிவாம்பா"ன்னாங்க. எங்கம்மா விடுவாங்களா? ஏகாம்பரநாதர் கோயில்ல வேண்டிக்கினு பொறந்த புள்ள, அந்த அம்பாள் பேருதான்னு எடது காதுல "ஏலவார்குழலி"ன்னாங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல.

குமரகுரு: நான் பாத்தேனே. நடுவுல பாப்பா அசராம தூங்கிக்கினு இருந்தா. எங்கம்மா சொன்னாங்க, பாரு, எம்பேத்திக்கு எவ்ளோ பொறுமைன்னு.

மயில்வாகனம்: எங்கம்மாவும் அதேதான் சொன்னாங்க. பொறுமைல எங்க பக்கமாம்.

கலைவாணி: பொறுமைன்னுதான நாங்களும் நெனச்சோம். தறிக்குப் பக்கத்துல தூளியக் கட்டிப் போடுவேன். இவரு பாட்டுக்கு டக்கு டக்குன்னு அடிச்சுக்கினு இருப்பாரு. தெருவுல இருக்குற குழந்தைங்கல்லாம் அந்த சத்தத்துக்கு வீல்னு கத்தும். இது முழிக்கவே முழிக்காது.

மயில்வாகனம்: வர்றவன் போறவன்லாம் பாத்துட்டு சொல்லுவான். நெசவுக்காரன் வூட்டுப் புள்ளன்னா இப்படி இருக்கணும், தறிச் சத்தம்தான் தாலாட்டுன்னு. நான் மீசைய முறுக்கிக்குவேன்.

குமரகுரு: ம்.

மயில்வாகனம்: முறுக்கிக்கினேன்டா. வேற என்னா சொல்றது?

கலைவாணி: கூப்பிட்டா திரும்பலன்னு தெரிஞ்சுது. தெரியாம இல்ல. வடிவுன்னு கூப்பிட்டா திரும்பல. உடனே எங்க மாமியாரு, "நீ குழலி குழலின்னு பழக்கிட்ட, அதான் எம்பேரு அதுக்குப் புரியல"ன்னாங்க. குழலின்னு கூப்பிட்டா திரும்பல. எங்கம்மா, "அவங்க வடிவு வடிவுன்னு குழப்பிட்டாங்க"ன்னாங்க.

மயில்வாகனம்: ரெண்டு பேரு வச்சா எந்தப் புள்ள திரும்பும்னு நானே சொல்லிக்கினு இருந்தேன். ஒரு பேரா வைங்க, தானா திரும்பும்னு.

கலைவாணி: எந்த ஒரு பேருன்னுதான் ஒரு வருசம் சண்ட போட்டோம்.

குமரகுரு: அந்தப் பங்குனி உற்சவம் மட்டும் இல்லன்னா, இன்னும் போட்டுக்கினு இருந்திருப்பீங்க.

மயில்வாகனம்: உன் தோள்மேலதான் இருந்தா இல்ல அன்னைக்கு?

குமரகுரு: ஆமா. ஏகாம்பரநாதர் சன்னதித் தெருவுல. அதிர்வேட்டு போட்டாங்க பாரு, எங்காதே அடைச்சுப் போச்சு. நான் துள்ளிக் குதிச்சேன். சுத்தி இருந்த குழந்தைங்கல்லாம் ஓன்னு அழுவுது. அவ என் தலைமேல கைய வச்சுக்கினு, எவனோ கழுத்துல இருந்த மாலையிலேர்ந்து ஒரு பூவப் பிச்சுக்கினு இருந்தா. நான் குதிச்சதுக்குத்தான் ஆடினா. வேட்டுக்கு ஆடல.

கலைவாணி: நீ வந்து சொன்னப்போ உன்ன அடிக்க வந்தேன்.

குமரகுரு: அடிச்சே வுட்ட.

கலைவாணி: வலிச்சுதா?

குமரகுரு: அப்ப வலிக்கல.

மயில்வாகனம்: அப்பறம் அந்தக் காது மெஷின மாட்டிப் பாத்தோம். மாட்டினா ஒரு நாளைக்கு எடுத்து வாயில போட்டுக்குவா, ஒரு நாளைக்கு நாய்க்கு மாட்டி வுடுவா. அதுல ஒண்ணும் கேக்கலன்னப்பறம்தான் இந்த ஆபரேஷன்னாங்க. பைபாஸ் ரோட்டுல இந்த ஆஸ்பத்திரி புதுசா வந்ததும் நல்லதாப் போச்சு. இல்லன்னா மெட்ராசுக்கு அலையணும்.

குமரகுரு: ஆமா...

மயில்வாகனம்: நீ ஏன் அந்தக் கதவையே பாத்துக்கினு இருக்க? போ, போய் கேட்டுட்டு வா. நாங்க எங்கயும் போவல.

குமரகுரு: கேட்டா திட்டுவாங்க மாமா.

மயில்வாகனம்: தாய்மாமன்னு சொல்லு. அதுக்கு அப்பீல் கெடையாது. போயிட்டு வா.

குமரகுரு: சரி, போய்க் கேட்டுட்டு வரேன்.

கலைவாணி: வந்துட்டியா? என்னாடா, போனவன் வந்து அப்படியே நிக்கற?

குமரகுரு: ஒண்ணும் இல்ல. நடந்துக்கினு இருக்குதாம்.

மயில்வாகனம்: மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?

குமரகுரு: என் மூஞ்சியே இப்படித்தான் மாமா.

கலைவாணி: குமரா.

குமரகுரு: கம்பி பாதி வழி போயிருக்குதாம். டாக்டர் பெடல்லேர்ந்து காலை எடுத்துட்டாராம். நிறுத்தி வச்சுப் பாத்துக்கினு இருக்காங்களாம்.

கலைவாணி: நிறுத்திட்டாங்களா?

குமரகுரு: அது நார்மல்தான்கா. உள்ள கொஞ்சம் அழுத்தமாப் பட்டா மெஷின் காட்டிக் குடுக்கும். உடனே நிறுத்துவாங்க. நிறுத்தி, கோணம் பாத்து, அப்பால போவாங்க. அந்த சிஸ்டர் சாதாரணமாத்தான் சொல்லுச்சு. பாட்டில்ல தண்ணி புடிச்சுக்கினே சொல்லுச்சு.

மயில்வாகனம்: தண்ணி புடிச்சுக்கினே சொன்னா பயம் இல்ல.

குமரகுரு: பயம் இல்ல.

கலைவாணி: ஏங்க, அது அப்படியே நின்னு போச்சுன்னா...

குமரகுரு: அக்கா, நேரா பேசிட்ட.

கலைவாணி: இல்ல. செவுத்தப் பாத்து சொன்னேன்.

குமரகுரு: நான்தான மாமா ரோபோன்னு சொன்னேன். நீங்க பேசாம கையாலயே பண்ணுங்கன்னு சொல்லியிருந்தா, இந்நேரம்... எனக்கு என்னா தெரியும்? காரு கதவு ஒட்டறவன் நான். காதப் பத்தி எனக்கு என்னா...

மயில்வாகனம்: குமரா.

குமரகுரு: நான் பொறுப்புன்னு வேற சொன்னேன். அந்த டாக்டர் முன்னால.

மயில்வாகனம்: குமரா, உங்க அக்காகிட்ட ஒண்ணு கேளு. கடஞாயித்துக்கு மண்டவெளக்கு தூக்கினாளே, யார் பேரச் சொல்லித் தூக்கினா?

குமரகுரு: இப்பவா மாமா?

மயில்வாகனம்: இப்பத்தான். ரொம்ப நாளா மனசுல உறுத்திக்கினு இருக்குது. கேளு.

குமரகுரு: அக்கா...

கலைவாணி: கேட்டுச்சு. கச்சபேஸ்வரர் கோயில்ல கார்த்திக மாசம் ஞாயித்துக்கிழமயில மாவெளக்க சட்டியில ஏத்தி தலைமேல வச்சு சுத்தறது எதுக்கு? தலையில வர்ற நோவு தீரத்தான. புள்ளைக்காவ அம்மா தூக்கினேன். என் வாயில என்னா பேரு வரும்? குழலின்னு சொல்லித்தான் தூக்கினேன். போய்ச் சொல்லு.

குமரகுரு: மாமா, குழலின்னு...

மயில்வாகனம்: எனக்குத் தெரியும். அதான் நான் பின்னாலயே பாப்பாவத் தூக்கிக்கினு வந்தேன். இவ குழலின்னு சொல்லும்போதெல்லாம் நான் வடிவு வடிவுன்னு சொல்லிக்கினே வந்தேன்.

கலைவாணி: பாத்தியாடா? சட்டி சூடு உச்சந்தலையில எறங்குது, நான் பல்லக் கடிச்சுக்கினு நடக்கறேன், பின்னால இவரு போட்டிக் கடை வச்சுக்கினு வந்திருக்காரு.

மயில்வாகனம்: சாமிக்குக் குழம்பக் கூடாதுன்னுதான் சொன்னேன்.

கலைவாணி: குழப்பினதே யாருன்னு கேளு.

குமரகுரு: ரெண்டுமே அம்பாள் பேருதான? சாமி புரிஞ்சுக்கும்.

கலைவாணி: சாமி புரிஞ்சுக்கும். உங்க மாமாவோட அம்மா புரிஞ்சுக்கணுமே.

மயில்வாகனம்: எங்கம்மாவ ஏன் இழுக்கறான்னு கேளு. வரிசைப்படி அப்பன் வழி ஆயா பேருதான் மொதப் பொண்ணுக்கு. இது நான் போட்ட சட்டம் இல்ல.

கலைவாணி: அவங்க பேர வச்சுட்டு, புள்ளயத் திட்டணும்னு வந்தா நான் எப்படித் திட்டறது? "அடியே வடிவாம்பா, சோத்த எறைக்காத"ன்னு சொல்ல முடியுமா? மாமியார் திரும்பிப் பாக்க மாட்டாங்க?

குமரகுரு: அது கரெக்டு மாமா.

மயில்வாகனம்: நீ யாரு பக்கம்?

குமரகுரு: நான் நடுவுல.

மயில்வாகனம்: நடுவுல குந்தினவனுக்கு அந்தப் பக்கம் என்னா சாய்வு? உங்கக்காகிட்ட சொல்லு. டாக்டர் எந்தக் காதுல வைக்கறாரு? வலது காதுல. வலது காதுல சொன்ன பேரு எது? எங்கம்மா சொன்னது. சாமியே முடிவு பண்ணிடுச்சு.

கலைவாணி: அதனாலதான் வலது காதுன்னதும் இவரு அப்படித் தலைய ஆட்டினாரா? டாக்டர் ஸ்கேன் பாத்துல்ல சொன்னாரு, வலது பக்கம் நரம்பு நல்லா இருக்குதுன்னு.

மயில்வாகனம்: ஏன் நல்லா இருக்குது? நல்ல பேரு போன காது.

குமரகுரு: மாமா, இது அநியாயம்.

கலைவாணி: சிரிக்காதடா. நீ சிரிச்சா அவரு இன்னும் பேசுவாரு. மூணு வாரம் கழிச்சு, காயம்லாம் ஆறினப்பறம், வெளிய மாட்டற மெஷின மாட்டி ஆன் பண்ணுவாங்க இல்ல? அன்னைக்கு யாரு மொதல்ல கூப்பிடறதுன்னு கேளு உங்க மாமாவ.

மயில்வாகனம்: நான்தான்.

கலைவாணி: பத்து மாசம் சொமந்தது யாரு?

மயில்வாகனம்: ராத்திரில்லாம் தோள்ல போட்டுத் தட்டினது யாரு?

குமரகுரு: நான் ஒரு வழி சொல்லட்டா? ரெண்டு பேரும் "பாப்பா"ன்னு கூப்பிடுங்க. வம்பே இல்ல.

கலைவாணி: பாப்பான்னா அந்த ஆஸ்பத்திரியில இருக்குற எல்லாப் புள்ளயும் திரும்பும்.

மயில்வாகனம்: ஒரு நல்ல பேரு இருக்கறப்போ பாப்பா எதுக்கு?

குமரகுரு: அப்ப நான் கூப்பிடறேன். தாய்மாமன் உரிமை.

மயில்வாகனம்: நீ என்னான்னு கூப்பிடுவ?

குமரகுரு: நானா... வாலு. வீட்டுல நான் அவள அப்படித்தான் சொல்லுவேன்.

கலைவாணி: மூணாவது பேரு வந்தாச்சு. ரொம்ப நல்லா இருக்குது.

மயில்வாகனம்: இத்த எங்கம்மா கேட்டாங்கன்னா உன் சோத்துல மண்ணுதான்.

குமரகுரு: இல்ல மாமா, அந்த மெஷின் போட்டதும் மொதல்ல பேரு பேராவே கேக்காதாம். கீச்சு கீச்சுன்னு என்னமோ சத்தமாத்தான் இருக்குமாம். போவப் போவத்தான் மூளை பழகுமாம். பேச்சுப் பயிற்சிக்கு இட்டுனு போய்க்கினே இருக்கணும். நீங்க வடிவுன்னு கத்தினாலும் அக்கா குழலின்னு கத்தினாலும் அன்னைக்கு அவளுக்கு ரெண்டும் குருவிச் சத்தம்தான்.

மயில்வாகனம்: இத்த மொதல்லயே சொல்றதுக்கு என்னா?

குமரகுரு: நீங்க எங்க என்னைப் பேச வுட்டீங்க?

கலைவாணி: டேய், அந்த சிஸ்டர் கதவத் தொறந்துக்கினு எட்டிப் பாக்குது. கை காட்டுது.

குமரகுரு: என்னையா?

மயில்வாகனம்: உன்னத்தான். நீதான போய்ப் போய் நின்ன.

குமரகுரு: நீங்க போங்க மாமா.

மயில்வாகனம்: நீ போ.

குமரகுரு: அக்கா, நீயாவது...

கலைவாணி: குமரா, நீ போய் கேட்டுட்டு வா. என்னா சொன்னாலும் அப்படியே வந்து சொல்லு. போடா கண்ணு.

குமரகுரு: சரிக்கா, போறேன்.

மயில்வாகனம்: வந்துட்டியா? என்னாடா?

குமரகுரு: மாமா... அக்கா...

கலைவாணி: சொல்லுடா. வாயத் தொற.

குமரகுரு: முடிஞ்சுதாம்.

மயில்வாகனம்: முடிஞ்சுதுன்னா?

குமரகுரு: கம்பி மொத்தமும் உள்ள போயிடுச்சாம். எங்கயும் இடிக்கல, மடங்கல. நடுவுல நிறுத்தினது நல்லதுக்குத்தானாம். கோணத்த லேசா மாத்தி வச்சுட்டு மறுபடி பெடல மிதிச்சாராம், வழுக்கிக்கினு போச்சாம். தையல் போட்டுக்கினு இருக்காங்க.

கலைவாணி: அப்பறம்?

குமரகுரு: அப்பறம் டாக்டரே வாசல் வரைக்கும் வந்து சொன்னாருக்கா. உள்ளயே அதுக்கு கரண்ட் குடுத்து டெஸ்ட் பண்ணாங்களாம். பாப்பா மயக்கத்துலதான் இருக்கா, ஆனா நரம்பு பதில் சொல்லுதாம். கம்ப்யூட்டர்ல கோடு கோடா வருதாம். "உங்க பாப்பாவோட காது எங்களுக்கு பதில் சொல்லிடுச்சு"ன்னாரு.

மயில்வாகனம்: இன்னொரு வாட்டி சொல்லு.

குமரகுரு: நரம்பு பதில் சொல்லுது மாமா.

மயில்வாகனம்: சரி. சரி... குந்து. மொதல்ல நீ குந்து.

குமரகுரு: மாமா, ஒண்ணு சொல்லணும்.

மயில்வாகனம்: சொல்லு.

குமரகுரு: எங்க லைன்ல போன ஆடி மாசம் ஒரு ரோபோ கை நடுவுல மக்கர் பண்ணிடுச்சு. கதவு அப்படியே வளஞ்சு போச்சு. பக்கத்துல நின்னவன் தப்பிச்சது பெரிசு. நான் உங்ககிட்ட மறைச்சுட்டேன். சொன்னா பயந்துக்கினு வேணாம்னுடுவீங்க, பாப்பாவுக்கு நல்லது கெடைக்காமப் போயிடுமேன்னு... ஆனா அந்த சிஸ்டர் நிறுத்திட்டாங்கன்னு சொன்னப்போ எனக்கு அந்தக் கதவுதான் கண்ணுல நின்னுச்சு.

மயில்வாகனம்: தெரியும்.

குமரகுரு: என்னா தெரியும்?

மயில்வாகனம்: அந்தக் கதவு வளஞ்சது. உன் ஷிப்ட்டு கோதண்டபாணி நேத்து காலையில டீக்கடையில சொன்னான்.

குமரகுரு: நேத்தா? நேத்து மத்தியானம்தான கையெழுத்துப் போட்டீங்க? தெரிஞ்சுமா போட்டீங்க?

மயில்வாகனம்: டாக்டர்கிட்டயே கேட்டோம். நடுவுல நின்னுட்டா என்னா பண்ணுவீங்கன்னு. நின்னா அத்த நவுத்தி வச்சுட்டு நான் கையால வைப்பேன், இத்தனை வருசமா அப்படித்தான வச்சுக்கினு இருந்தேன்னாரு. அவரு சொன்ன விதத்துலயே எங்களுக்கு தைரியம் வந்துடுச்சு.

குமரகுரு: இருங்க. கேட்டோம்னா... யாரு யாரு கேட்டீங்க?

கலைவாணி: நானும் கூடத்தான் இருந்தேன்.

குமரகுரு: ரெண்டு பேரும் சேந்து போனீங்களா? பேச்சே இல்லாம எப்படிச் சேந்து போனீங்க?

மயில்வாகனம்: வண்டியில போனோம்.

குமரகுரு: மாமா, வெளயாடாதீங்க. அப்ப அந்தப் பேரு சண்ட?

கலைவாணி: பேரா? எனக்குக் குழலி. எங்க மாமியாருக்கு வடிவு. உனக்கு வேணும்னா வாலு. கேக்கற புள்ளைக்கு எத்தினி பேரு இருந்தா என்னா?

குமரகுரு: அப்ப காலையிலேர்ந்து என்னை எதுக்கு நடுவுல குந்த வச்சு, அவரக் கேளு, இவளுக்கு சொல்லுன்னு இந்தப் பாடு படுத்தினீங்க?

கலைவாணி: எங்க சண்ட முந்தாநாளே தீந்துடுச்சுடா. காலையில பாப்பாவ உள்ள இட்டுனு போனப்போ நீ செவுத்தப் புடிச்சுக்கினு நின்ன பாரு, இவருதான் என்னை இடிச்சு மெள்ள சொன்னாரு: "கலை, இன்னைக்கு ஒரு நாள் நம்ம சண்டைய ஓட்டிக்கினு போலாம். இவனுக்கு ஒரு வேலை குடுக்கலன்னா இங்கயே விழுந்துடுவான்"னு.